நெத்தலித் தூளில் புளோரைட்டு பார்க்க இரண்டு தரம் காசு கட்டினேன். நீங்கள் ஒரு தரம் கட்டினால் போதும்

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துத் தூளாக்கி விற்கிறோம். றால் தலையும் கோதும் தனியாகக் காய்ந்து கோழித்தீனிக்குப் போகும். வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் தூள் கேட்டார், ஈயம், கட்மியம், பாதரசம் எல்லாவற்றுக்கும் அறிக்கை அனுப்பினோம், எல்லாம் சரி என்றவர் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினார்: புளோரைட்டு எவ்வளவு? பற்பசையில் இருக்கிற சாமான் மீனுக்குள் எப்படி வந்தது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

பிறகு விசாரித்தால் அவர் கேட்டது நியாயம்தான். கடல் தண்ணீரிலேயே லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் புளோரைட்டு இருக்கிறது. மீனின் சதையில் அது பெரிதாகத் தங்காது. முள்ளிலும் தோலிலும் செதிலிலும், றால் நண்டு என்றால் கோதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நெத்தலியை நாங்கள் முள்ளோடு இடிக்கிறோம். அங்கேதான் விஷயம்.

முதல் தரம் அனுப்பிய மாதிரிக்கு "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார், இது மீனுக்குச் செய்த சோதனை இல்லை என்று. அவர் சொன்னது சரி. காசும் போய் ஒன்றரை மாதமும் போன பிறகுதான் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது. கருவாடு, தூள், தீனி செய்பவர்களுக்கும், இதையே ஆய்வுத் திட்டமாக எடுத்திருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் கீழே உள்ளது உதவும்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதுங்கள்

ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன்னமே இதைச் செய்யுங்கள். "மீனில் புளோரைட்டு" என்று ஒரு சோதனை கிடையாது. ஒரே சூடை மீனை முள் எடுத்துச் சதையை மட்டும் கொடுத்தால் ஒரு எண் வரும், முழுசாக அரைத்துக் கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு கூடிய எண் வரும், குடலோடு அரைத்தால் குடலுக்குள் கிடக்கும் மணலும் சேறும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மூன்றும் உண்மையான எண்கள்தான். ஆனால் உங்கள் சாமானுக்கு உரியது அதில் ஒன்று மட்டும்.

ஆகவே சாப்பிடுகிறவர் எதைச் சாப்பிடுகிறாரோ அதைக் கொடுங்கள். விளைமீன், பாரை, சீலா என்றால் முள் எடுத்த சதை. நெத்தலி, சின்னச் சூடை என்றால் நீங்கள் தலை கிள்ளி விற்கிறீர்களா முழுசாக விற்கிறீர்களா என்பதைப் பார்த்து அப்படியே. டின் மீன் என்றால் உள்ளே முள் மெதுமெதுவென்று இருக்கும், அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம், ஆகவே முள்ளோடு. நண்டுக்குச் சதை. கூழுக்குள் நண்டுக் காலை உடைத்துப் போடுகிறோமே என்று கேட்பீர்கள். கோதை உறிஞ்சிவிட்டுத் துப்புகிறோம், விழுங்குவதில்லை.

அடுத்தது அடிப்படை: ஈர எடைக்கா, உலர் எடைக்கா? பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். உலர் எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வந்தால் பச்சை மீனுக்கு அது 5. இரண்டையும் கலந்து பேசிக் குழம்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நானும் அதில் ஒருவர். கருவாட்டில் உப்பும் ஒரு பங்கு எடை. உப்பு கூடப் போட்டால் கிலோவுக்கான எண் தானாகக் குறையும், அதனால் மீன் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

நான் இரண்டாம் தரம் எழுதிய வரி இது: "தலை நீக்கிய நெத்தலிக் கருவாடு, முள்ளோடு இடித்த தூள், விற்கும் நிலையில், ஈரப்பதமும் சேர்த்து அளக்கவும்." இந்த ஒரு வரி முதல் தரமே இருந்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

2. ஆய்வுகூடத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தண்ணீரில் புளோரைட்டு பார்ப்பது வேறு, மீனில் பார்ப்பது வேறு. கிணற்றுத் தண்ணீருக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் பார்க்கின்றன. இலங்கைக் குடிநீர்த் தரத்தில் லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை, உலக சுகாதார நிறுவனம் 1.5 என்கிறது. அந்த எண்களைத் தூக்கிக்கொண்டு மீன் அறிக்கையோடு ஒப்பிட வேண்டாம். உணவுக்கும் கடலுணவுக்கும் என்றால் கொழும்பில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம், மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், அப்புறம் தனியார் ஆய்வுகூடங்கள். காக்கைதீவு என்றதும் நம்முடைய ஆனைக்கோட்டைப் பக்கத்துக் காக்கைதீவு என்று நினைத்து ஓட்டோ பிடிக்காதீர்கள், அங்கே நண்டு வாங்கலாம், சோதிக்க முடியாது. ஆய்வு மாணவர்கள் திருநெல்வேலியில், யாழ். பல்கலைக்கழகத்தில் தங்கள் துறையிலேயே முதலில் கேளுங்கள். புளோரைட்டை அளக்கும் மின்வாய் ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம்.

கதைக்கும்போது இவற்றைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

முதல் கேள்வி: மாதிரியை எப்படிக் கரைப்பீர்கள்? இதுதான் தலையான கேள்வி. முள்ளில் இருக்கும் புளோரைட்டு கல்சியம் பொசுபேற்றோடு இறுகிக் கிடக்கிறது, தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் வராது. என் முதல் மாதிரிக்கு அதைத்தான் செய்திருந்தார்கள்: தூளைத் தண்ணீரில் குலுக்கி, வடித்து, குடிநீருக்குச் செய்யும் நிறச் சோதனையைச் செய்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை, நான் கேட்காததைச் செய்யவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேட்க விரும்பும் பதில் இரண்டில் ஒன்று: ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எடுப்போம், அல்லது சோடியம் ஐதரொட்சைட்டோடு உருக்கிக் கரைப்போம். கால்நடைத் தீனிக்கு ஐரோப்பாவில் ஈ.என். 16279 என்று ஒரு முறை இருக்கிறது, அமிலத்தில் எடுத்து மின்வாயால் அளப்பது. றால் கோதுத் தீனி விற்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது: எதனால் அளப்பீர்கள்? புளோரைட்டு அயன் தேர்வு மின்வாய் என்றால் நல்லது. அயன் நிறப்பகுப்பு (அயன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளப்பது) என்றாலும் சரி, ஆனால் மீன் கரைசலில் குளோரைட்டும் பொசுபேற்றும் அள்ளுகொள்ளையாக இருக்கும், அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: மீனில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வரை கீழே உங்களால் அளக்க முடியும்? "லீற்றருக்கு 0.1 மில்லிகிராம்" என்று சொல்வார்கள். கேட்க நல்லாக இருக்கும். அரைக் கிராம் தூளை 100 மில்லிலீற்றராகக் கரைத்தால் 200 மடங்கு ஐதாகிறது, ஆகவே அந்த 0.1 என்பது மீனில் கிலோவுக்கு 20. உங்கள் மீன் சதையில் 3 இருந்தால் "கண்டறியப்படவில்லை" என்று வரும், அதை வாங்குபவர் பூச்சியம் என்று வாசிக்க மாட்டார். எல்லை 0.02 ஆக இருந்தால் மீனில் அது 4. சதைக்கு இதுவே மட்டுமட்டு, மாதிரியைக் கூடுதலாக எடுக்கச் சொல்ல வேண்டிவரும்.

கடைசி: ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வுகூடங்களின் திறமைக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் இந்தச் சோதனைக்கு, இந்த வகை மாதிரிக்கு இருக்கிறதா? ஆய்வுகூட வாசலில் சான்றிதழ் தொங்கும். அது ஆய்வுகூடம் முழுவதுக்கும் என்று நினைத்துவிடுவோம். அப்படியில்லை, சோதனை சோதனையாகப் பட்டியல் இருக்கும். குடிநீரில் புளோரைட்டுக்கு இருக்கும், மீனுக்கு இருக்காது. அங்கீகாரம் இல்லாமலும் நன்றாகச் செய்யலாம், ஆனால் வாங்குபவர் கேட்டால் நீங்கள்தான் முழிக்க வேண்டிவரும்.

3. காகிதங்கள்

மூன்று நான்கு காகிதம்தான், ஆனால் ஒன்று குறைந்தாலும் மாதிரி ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்கும். கோரிக்கைக் கடிதம் ஒன்று, அதில் மேலே சொன்ன அந்த ஒரு வரியும் நீங்கள் கேட்கும் முறையும் அலகும் இருக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி. வியாபாரப் பெயரில் அறிக்கை வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பதிவின் பிரதி. பெயர் அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், எங்களுக்கு ஒரு எழுத்து மாறி அறிக்கையைத் திருத்தி வாங்க ஐந்து நாள் போனது. மாணவர்களுக்குத் துறைத் தலைவரின் கடிதம். சில இடங்களில் கட்டணம் குறைப்பார்கள், கேட்காமல் குறைக்க மாட்டார்கள்.

பிறகு மாதிரிப் பதிவு. எந்தத் துறையில் இறங்கியது (பாசையூரா, மயிலிட்டியா, பருத்தித்துறையா), தேதி, நேரம், எத்தனை மீன், சராசரி நீளம், யார் எடுத்தது, எப்போது ஐஸில் வைத்தது. பெரிய மீனின் முள்ளில் வயதோடு புளோரைட்டு சேர்ந்துகொண்டு போகும், ஆகவே நீளத்தை எழுதாத பதிவு பிறகு ஒன்றுக்கும் உதவாது.

மீனின் பெயரில் கவனம். நாம் நெத்தலி என்போம், கொழும்பில் மாதிரியைப் பதியும் பிள்ளை ஹால்மெஸ்ஸோ என்று கேட்டால்தான் தலையாட்டும். சூடைக்குச் சாலயா. விஞ்ஞானப் பெயரையும் போட்டுவிடுங்கள், நெத்தலிக்கு ஸ்டோலெபோரஸ், சூடைக்கு சார்டினெல்லா, நீலக்கால் நண்டுக்கு போர்ட்டூனஸ் பெலாஜிகஸ். இனம் வரை பிரிக்கத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள், தெரியாததை எழுத வேண்டாம்.

பெட்டி கணக்கில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழையும் தனியாகப் பார்க்க வேண்டும். புளோரைட்டு அறிக்கை அதற்குப் பதில் ஆகாது.

4. மாதிரி எடுப்பது

ஒரு மீனைக் கொடுத்து ஒரு கடலைப் பற்றிப் பேச முடியாது. ஒரே இறக்கத்தில் வெவ்வேறு கூடையிலிருந்து எடுங்கள். பெரிய மீன் என்றால் குறைந்தது பத்து, நெத்தலி என்றால் கூடைக்கு இரண்டு கைபிடி. எல்லாம் சேர்த்து அரைத்த பிறகு அரைக் கிலோ வரும்படி பாருங்கள், ஆய்வுகூடத்துக்கு அதில் கொஞ்சம் போதும், மிச்சம் உங்களிடம் இருக்க வேண்டும்.

அரைக்கும்போதுதான் பிழைகள் வருகின்றன. வீட்டுக் கிறைண்டரில் அரைத்தால் முள் ஒரு பக்கம் சதை ஒரு பக்கமாக நிற்கும், மேலால் அள்ளினால் முள் குறைவு, அடியில் அள்ளினால் முள் கூட. என் இரண்டாவது மாதிரியை நானே மூன்று தரம் அரைத்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, அரிதட்டில் நின்ற முள்ளைத் திரும்ப இடித்து உள்ளே சேர்த்தேன். நின்ற முள்ளை வீசிவிட்டால் நீங்கள் அளக்க வந்ததையே வீசியதாகிவிடும். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விற்கிறதுக்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லையே என்றார்.

வெளியிலிருந்து புளோரைட்டு உள்ளே வராமல் பாருங்கள். பற்பசையில் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, காலையில் பல் விளக்கிய கையோடு மாதிரியைப் பிசையாதீர்கள், கையுறை போடுங்கள். தேயிலையும் புளோரைட்டை நன்றாகச் சேர்க்கும் செடி, மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வேண்டாம். (மீன் சதையை மட்டும் சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளில் மீனைவிடத் தேத்தண்ணியால் கூடுதல் புளோரைட்டு கிடைக்கலாம் என்பதை இந்த அலைச்சலில்தான் அறிந்தேன்.) கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாவித்தால் கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்யுங்கள், பற்றரிக் கடையில் போத்தலில் கிடைக்கும். ஈர மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள், அலுமினியம் புளோரைட்டோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. பொலித்தீன் பை போதும்.

5. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு சேர்ப்பது

கொழும்பு 400 கிலோமீற்றர். பச்சை மீனாக அனுப்புவதென்றால் ரெஜிபோம் பெட்டி, மீனுக்குச் சமனான எடை ஐஸ், இரவு பஸ். எங்கள் முதல் பெட்டியில் மூடி சரியாக ஒட்டவில்லை, வவுனியா தாண்டியதும் மீன் தண்ணீர் வடிந்து யாருடையதோ கல்யாணச் சேலைப் பையை நனைத்துவிட்டது, நடத்துநர் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசியதை இங்கே எழுத முடியாது. அதைவிட மோசம், பேனையால் எழுதிய மூன்று லேபலும் கரைந்து எந்தப் பை எந்த மீன் என்று தெரியாமல் போனது. பென்சிலால் எழுதுங்கள், துண்டை இரண்டு பைகளுக்கு நடுவில் வையுங்கள், வெளிப் பையிலும் ஒட்டுங்கள்.

உங்கள் சாமான் ஏற்கனவே காய்ந்ததாக இருந்தால் ஐஸே வேண்டாம். காற்றுப் புகாத இரட்டைப் பையில் போட்டுக் கூரியரில் அனுப்பலாம். புளோரைட்டு ஒன்றும் பழுதாகிப் போகிற பொருளில்லை, ஈரம் மாறினால் மட்டும்தான் கணக்கு மாறும். பச்சை மீனை அனுப்ப வேண்டியவர்களும் உலர்த்தி வசதி இருந்தால் 105 பாகை செல்சியசில் இரவு முழுக்கக் காயவைத்து, காய முன்னும் பின்னும் எடை எழுதி, தூளாக அனுப்பலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், ஐஸ் காசு மிச்சம், நடத்துநரின் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். சனிக்கிழமை போய்ச் சேரும், ஆய்வுகூடம் பூட்டு. போயா தினங்களைக் கலண்டரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை கொடுப்பதுதான் நல்லது. ஒப்படைத்ததும் மாதிரி எண் போட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

6. உள்ளே என்ன நடக்கிறது

காசு மட்டும் கட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மாணவர்களும், ஆய்வுகூடத்தோடு வாக்குவாதப்பட வேண்டிவருபவர்களும் வாசியுங்கள்.

மாதிரியில் அரைக் கிராம் நிறுத்து நிக்கல் புடக்குகையில் போட்டு, செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு, முதலில் மெதுவாகக் காயவைத்து, பிறகு உலையில் 600 பாகை வரை கொண்டுபோவார்கள். காரம் சேர்க்காமல் சாம்பலாக்கினால் புளோரைட்டில் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும், ஆகவே "சும்மா எரித்துச் சாம்பலை அளந்தோம்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆறிய பிறகு தண்ணீரில் கரைத்து, அமிலம் விட்டு பீ.எச். 8, 9க்குக் கொண்டுவந்து, வடித்து 100 மில்லிலீற்றராக்குவது. அமிலமான புளோரைட்டுக் கரைசலைக் கண்ணாடியில் விட்டுவைக்கக் கூடாது, கண்ணாடியைத் தின்னும். முகவை முதல் போத்தல் வரை பிளாஸ்ரிக். உருகிய காரம் தெறித்தால் கண் போய்விடும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உலைக்குக் கிட்டப் போக வேண்டாம்.

அளக்கும் மின்வாயின் நுனியில் லந்தனம் புளோரைட்டுப் பளிங்கு ஒன்று இருக்கும், அது சுயாதீனமான புளோரைட்டு அயனை மட்டும் உணரும். அமிலம் கூடினால் அயன் ஐதரசனோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும், காரம் கூடினால் ஐதரொட்சைட்டு அயனைப் புளோரைட்டு என்று நினைத்து மின்வாய் ஏமாறும், இரும்பும் அலுமினியமும் அயனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மூன்றையும் அடக்கத்தான் டிசாப் என்ற தாங்கற் கரைசலை ஒன்றுக்கு ஒன்று கலப்பது, பீ.எச். 5க்கும் 5.5க்கும் நடுவில் நிற்கும். மாதிரிக்குக் கலந்த அதே அளவை நியமக் கரைசல்களுக்கும் (ஒப்பிடுவதற்காகச் செறிவு தெரிந்து தயாரித்தவை) கலக்க வேண்டும். இதை மறந்துவிட்டு விடை பாதியாகிவிட்டது என்று அழுத ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

நியமக் கரைசலுக்கு, உலர்த்திய சோடியம் புளோரைட்டு 2.210 கிராமை ஒரு லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் புளோரைட்டு. அதிலிருந்து 0.1, 1, 10 என்று இறக்குவது. பத்து மடங்குக்கு ஒரு தரம் மில்லிவோல்ற் 54க்கும் 60க்கும் இடையில் மாற வேண்டும், 25 பாகையில் அறிமுறைப்படி 59. 50க்குக் கீழே போனால் மின்வாய் அழுக்கு, அல்லது கரைசல் பிழை, அன்றைய அளவை நிறுத்துங்கள். குறைந்த செறிவில் திரையில் எண் நிலைக்க ஐந்து நிமிடம் கூட எடுக்கும், அவசரப்பட்டு வாசித்தால் முன்னே வைத்த கரைசலின் ஞாபகம்தான் திரையில் தெரியும். நம்மூர் வெக்கையில் மின்விசிறி ஒரு பக்கம் வெயில் ஒரு பக்கம் என்று வைத்து அளக்காதீர்கள். நியமமும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி இல்லாத வெற்று ஒன்று, ஒரே மாதிரியை இரண்டு தரம் செய்தது ஒன்று, தெரிந்த அளவு புளோரைட்டைச் சேர்த்துச் செய்தது ஒன்று இருக்க வேண்டும். சேர்த்ததில் 90 முதல் 110 சதவீதம் திரும்பக் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் கரைக்கும் இடத்தில் எங்கேயோ போகிறது.

7. செலவும் நாளும்

விலைகள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே போட்டு உங்களைக் குழப்பவில்லை, எழுத்தில் விலைமனு வாங்குங்கள். ஆனால் எந்தெந்தத் தலைப்பில் காசு போகும் என்று சொல்கிறேன். தொலைபேசியில் சொல்லும் தொகை அளக்கும் கூலி மட்டும். மாதிரியைக் கரைப்பதற்குத் தனிக் கட்டணம், ஈரப்பதத்துக்குத் தனிக் கட்டணம், அரைக்காமல் கொடுத்தால் அதற்கும். இவற்றுக்கு மேலே வற் 18 சதவீதம். அறிக்கையின் இரண்டாவது பிரதிக்கும், முடிவை அவசரமாகக் கேட்டால் அதற்கும் கூட எடுப்பார்கள். எல்லாம் கூட்டினால் முதலில் சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்கு எங்களுக்கு வந்தது.

மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரி எண்ணிக்கையில் பிடியுங்கள், மாதிரியின் தரத்தில் வேண்டாம். ஐந்து தனித்தனி மாதிரியைவிட ஐந்து நாள் இறக்கத்தைச் சேர்த்து அரைத்த ஒன்றை இரண்டு தரம் அளப்பது உங்கள் சராசரியைச் சொல்லும், காசும் குறைவு. தீனிக்காரர்களும் தூள்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் சில இடங்களில் தொகுதி விலை கிடைக்கும்.

நாள்? உருக்கிக் கரைக்க ஒரு நாள், அளக்க அரை நாள். மற்றதெல்லாம் வரிசை. எனக்கு இரண்டாம் தரம் பத்தொன்பது நாள் எடுத்தது, அதில் ஆறு நாள் காசு கட்டியதை அவர்கள் கணக்குப் பகுதி பார்க்காததால். வங்கியில் கட்டினால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து மாதிரி எண்ணோடு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பெட்டி போகும் நாளிலிருந்து குறைந்தது ஆறு கிழமை முன்னால் தொடங்குவது நல்லது.

8. அறிக்கை கைக்கு வந்ததும்

முதலில் அலகைப் பாருங்கள், பிறகு அடிப்படையைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் எண்ணை. ஒரு உதாரணக் கணக்கு. அரைக் கிராம் உலர்ந்த தூள், 100 மில்லிலீற்றர், மின்வாய் சொன்னது லீற்றருக்கு 0.42. அதை 200ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 84 மில்லிகிராம், இது உலர் எடைக்கு. தூளில் 8 சதவீதம் ஈரம் இருந்தால் விற்கும் நிலையில் 77. ஒருவர் சோற்றில் 10 கிராம் போட்டுக்கொண்டால் அவருக்குப் போவது 0.77 மில்லிகிராம்.

அது கூடவா குறைவா? மீனுக்கு என்று கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) புளோரைட்டு எல்லை வைக்கவில்லை, ஆகவே ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க நிபுணர் குழு 1997இல் வைத்த நாளாந்த மேல் எல்லை பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு 2.2, ஒன்று முதல் மூன்று வயதுக்கு 1.3. பெரியவருக்கு அந்த 0.77 ஒரு பொருட்டில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் கஞ்சிக்குள் தினமும் இரண்டு தேக்கரண்டி போடச் சொல்லி லேபலில் எழுதினால், குடிக்கும் தண்ணீரும் பற்பசையும் சேரும்போது எல்லைக்குக் கிட்டப் போய்விடுவீர்கள். முள்ளில் கல்சியத்தோடு கட்டுண்ட புளோரைட்டு முழுதாக உடம்பில் சேராது என்பது உண்மை, ஆனால் அதை நம்பி லேபல் எழுத வேண்டாம். நாங்கள் எங்கள் லேபலில் இருந்த "குழந்தைகளுக்குச் சிறந்தது" என்ற வரியை எடுத்துவிட்டோம். விற்பனை குறையவில்லை.

தீனிக்கு எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்கு மூலத் தீனிப் பொருளுக்குக் கிலோவுக்கு 500, கடல் றால் நண்டு வகைக்கு மட்டும் 3000. இரண்டும் 12 சதவீத ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டவை, ஆகவே உங்கள் அறிக்கையை அந்த ஈரத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

அறிக்கையில் முறையின் பெயர், கரைத்த விதம், அளக்கக்கூடிய குறைந்த அளவு, நிச்சயமின்மை (எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) இந்த நான்கும் இல்லாவிட்டால் அங்கேயே நின்று எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபின் கேட்டால் மின்னஞ்சல் மின்னஞ்சலாக ஓடும். மிஞ்சிய மாதிரியை ஒரு மாதம் வைத்திருக்கச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள். உங்கள் பங்கு மிச்சத்தை ஆழ்குளிரில் வையுங்கள், சந்தேகம் வந்தால் வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப அதுதான் உள்ள ஒரே சாட்சி. பையில் பெரிய எழுத்தில் "ஆய்வுக்கு, தொட வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். நான் திகதி மட்டும் எழுதி வைத்திருந்தேன், அம்மா அதை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டுக்குச் சம்பல் இடித்துவிட்டார்.